ஆலை மூடிய பின் சுங்கை சிப்புட்டில் இருப்பதா, புறப்படுவதா?

50 நாள்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் பெரிய சாலையோரக் கடையில் பசியாற உட்கார்ந்திருந்தேன். தே கலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தி, "என்ன, இன்றைக்கு நாற்றத்தையே காணோம்? ஆலை ஓடவில்லையா?" என்று கேட்டார். 17 ஆண்டுகள் அந்த ரப்பர் ஆலையில் பிட்டராக (இயந்திரம் பழுது பார்ப்பவராக) இருந்த எனக்கு விடை வெள்ளிக்கிழமை மாலையே தெரிந்திருந்தது. ஆனாலும் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் இடம் அந்தக் கடைதான்.

கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) ஆலைக்கு அருகில் வாழாதவர்களுக்கு அந்த நாற்றத்தை விளக்குவது கடினம். மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) உறைந்து, நாள்கணக்கில் மூட்டையில் ஊறிய பால், கழுவி அரைக்கப்பட்டு உலர்த்தும் அடுப்புக்குள் போகும்போது எழுந்து, துணியிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டு எளிதில் இறங்காத நாற்றம் அது. மகள் சிறுமியாக இருந்தபோது நான் குளிக்காமல் அவளைத் தூக்கக் கூடாது என்று வீட்டில் சட்டமே இருந்தது. அந்த நாற்றம் நின்றுவிட்டதே என்று ஒருநாள் வயிறு கலங்கும் என நான் நினைத்ததில்லை.

ஆலை ஏன் மூடப்பட்டது என்பதில் எங்களுக்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 1877இல் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்பது நடப்பட்ட இடம், எங்கள் ஊருக்கு அடுத்த கோலகங்சார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே வேலி கட்டிப் பாதுகாக்கப்படுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் இருந்த எங்கள் ஆலைக்குக் கடைசி ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து லோரியிலும் ஐவரி கோஸ்ட்டிலிருந்து கப்பலிலும் கட்டிப்பால் வந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. மிச்சமிருந்த சிறு தோட்டக்காரர்கள், விலை இறங்கினால் கத்தியை எடுப்பதே இல்லை. பால்மரத்தில் விடியுமுன் நிரை (ஒருவருக்கு ஒதுக்கிய மரவரிசை) பிடித்து மரத்துக்கு மரம் ஆள் நடக்க வேண்டும். செம்பனையிலோ அதே மரத்துக்கு 10 முதல் 14 நாள்களுக்கு ஒரு முறை குலை வெட்ட வந்தால் போதும். அந்தக் கணக்கில்தான் எங்கள் தலைமுறையின் வேலை கரைந்தது. குலை வெட்ட வந்த இந்தோனேசியரையும் வங்காளதேசியரையும் இதற்குக் குறை சொல்பவர்கள் உண்டு. அப்படிக் குறை சொல்வதில் நான் சேர்ந்துகொள்வதில்லை.

இப்போது என் நிலைமை. வயது 46. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற 1980ஆம் ஆண்டு விதிப்படி 340 நாள் சம்பளம் கைக்கு வந்தது. 2,600 வெள்ளி (ரிங்கிட்) மாதச் சம்பளத்துக்கு அது 29,000 வெள்ளியை ஒட்டிய தொகை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் பதிந்துகொண்டேன். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்தது 50, பிறகு இரண்டு மாதங்களுக்கு 40, கடைசி இரண்டு மாதங்களுக்கு 30 என்று அது படிப்படியாக இறங்கும். அதாவது முதல் மாதம் ஏறத்தாழ 2,080 வெள்ளியில் தொடங்கி, ஆறாம் மாதம் 780 வெள்ளியில் முடியும். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். மகள் படிவம் 4 படிக்கிறாள், அடுத்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுவாள். அம்மாவுக்கு 74 வயது. நீரிழிவுக்காக அரசாங்க கிளினிக்குக்குத் தானே நடந்து போய் மருந்து வாங்கி வருகிறார். ஜொகூரில் இருக்கும் மைத்துனர், சிங்கப்பூரில் பிட்டர் வேலை காத்திருக்கிறது, வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்கிறார்.

முதல் வாரத்திலேயே நான் செய்த காரியம், வாசல் கதவில் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கவிட்டது. இரண்டாம் வாரத்தில் எண்ணிப் பார்த்தபோது, எங்கள் ஒரே வரிசையில் நான்கு வீடுகளில் அதே அட்டை தொங்கியது. வந்து பார்த்த முகவர் சொன்ன விலை, ஏழு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீடு கைமாறிய விலையை விடக் குறைவு. ஊர் தளரும்போது வேலை போகிற அதே மாதத்தில் வீட்டின் மதிப்பும் போகிறது என்பதை, அந்த அட்டையை மாட்டிய பிறகுதான் புரிந்துகொண்டேன்.

வீட்டைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. என் அப்பா வேலை செய்த தோட்டம் செம்பனைக்கு மாறியபோது எனக்கு 15 வயது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி கிராணி (தோட்டக் கணக்கர்) ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். போவதா இருப்பதா என்று அப்பா யோசிக்கவே இல்லை. யோசிக்க அவருக்கு எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஒன்று அறுந்தால் மற்றதும் விழும். அதை நினைத்துத்தான் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இந்த வீட்டை வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் வேலை போன பிறகும் வீட்டுச் சாவி கையில் இருப்பது இதுவே முதல் முறை. அதை 50 நாள் அச்சத்தில் விற்பதா என்பதே என் கேள்வி. இப்படி ஒரு முடிவை எடுத்தவர்கள், அது நல்லபடியாக முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும், நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டுகிறேன்.

ஜொகூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் சாலாக் உத்தாராவைச் சேர்ந்தவன். எட்டு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டேன். அண்ணன் கேட்டபடி நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சம்பளம் உண்மையிலேயே கூடுதல். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கும் மேல் கிடைக்கிறது. ஆனால் அதிகாலை 3:30க்கு எழ வேண்டும். நாங்கள் ஐவர் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, முதலில் எழுபவர் விளக்கைப் போடாமல் கைப்பேசி வெளிச்சத்தில் சட்டை தேடுவார். கதவோரம் ஐந்து தலைக்கவசங்கள் வரிசையாக இருக்கும், எது யாருடையது என்பதைத் தடவியே கண்டுபிடிப்போம். மழை நாளில் சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் மோட்டார்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, நனைந்த காலுறையோடு 12 மணி நேர வேலை.

எனக்கு யாரும் சொல்லாத ஒன்றை அண்ணனுக்குச் சொல்கிறேன். வேலை பெர்மிட்டில் இருக்கும் நமக்கு அங்கே சேமநிதி கிடையாது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. இங்கேயோ முதலாளி இல்லாததால் நம் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கில் ஒரு காசும் ஏறாது. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஊரைவிட்டு வந்தபோது இருந்த தொகையோடு லாப ஈவு மட்டும் சேர்ந்திருந்தது. இப்போது மாதந்தோறும் நானே சென்று கட்டுகிறேன். அப்பா இறந்த இரவு, 550 கிலோமீட்டருக்கும் மேல் காரோட்டிச் சென்று, எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அப்படியும் வந்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஊரில் இருந்திருந்தால் தம்பியைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்திருக்க முடியாது.

ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர்:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு வந்த தாள் எங்கள் காலத்தில் அடையாள அட்டையின் நிறத்தில் வந்தது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானபோது, எங்கள் பெரியப்பாவிடம் இருந்தது சிவப்பு அட்டை. என் அப்பாவிடம் நீலம். ஒரே தோட்டத்தில், ஒரே நிரையில் காண்டா வாளி (தோள்கம்பில் தொங்கும் பால் வாளி) சுமந்த அண்ணன் தம்பி இருவரில், பெரியப்பா பினாங்கில் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்துக்குப் போனார். அந்த நாள்களில் இப்படித் திரும்பியவர்கள் பல்லாயிரம் பேர். நீலம் வாங்க மனுப் போடுங்கள் என்று சங்கத்துக்காரர்கள் கெஞ்சியபோது, ஒரு நாள் கூலி போகுமே என்று பெரியப்பா ஈப்போவுக்குப் போகாமல் இருந்துவிட்டார். அந்த ஒரு நாள் கூலியை அவர் சாகும்வரை கடிதங்களில் எழுதிக்கொண்டே இருந்தார்.

பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடல் நடந்தபோது, நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து பத்து வெள்ளியாக 100 வெள்ளிப் பங்குக்கு அப்பாவும் கட்டினார். அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. எங்கள் தோட்டத்தை வாங்கவில்லை. பிறகு அக்டோபர் 1985இல் ஈய விலை சரிந்தபோது, ஈய லம்பத்தை (சுரங்கத்தை) நம்பியிருந்த சீனர் குடும்பங்களும் நம்மைப் போலவே மூட்டை கட்டியதைக் கண்டேன். என் மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தனியாகத்தான் முதலில் போனாள். ஓராண்டு கழித்துத்தான் தங்கையை அழைத்துக்கொண்டாள். குடும்பத்தை முழுதாகப் பெயர்த்துக்கொண்டு போன என் பக்கத்து வீட்டார், இரண்டாம் ஆண்டிலேயே வாடகைக்கு நகையை அடகு வைத்தார்கள். நான் பார்த்த வரையில், ஆள் ஒருவர் முன்னே போய் அடுப்பு மூட்டிய வீடுகள்தான் நிலைத்தன.

கிள்ளானிலிருந்து ஊர் திரும்பிய உறுப்பினர்:

நான் எதிர்த்திசையில் வந்தவள். 11 ஆண்டுகள் கிள்ளானில் இருந்தோம். வாடகை 1,200 வெள்ளியைத் தாண்டியபோது, கணவர் அங்கேயே தங்கி வாரக் கடைசியில் வருவது என்றும், நானும் பிள்ளைகளும் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவது என்றும் முடிவு செய்தோம். தையல் வேலை கிடைக்கிறது, அதில் சாப்பாட்டுச் செலவு தேறும். பள்ளியைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். 150 பேருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்பார்கள். எங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் மொத்தமே 38 பேர். ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து எழுத வைக்கிறார்கள். ஆனால் மகன் காற்பந்து ஆட வேண்டுமென்றால் ஆண்டு 3 முதல் ஆண்டு 6 வரை எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு குழு தேறுவதில்லை. உங்கள் மகள் எஸ்.பி.எம். எழுதும்வரை அவளை அசைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தொடங்கியவர், ஒரு வாரம் கழித்து:

அனைவருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்த இரவே அட்டையை அவிழ்த்துவிட்டேன். செம்மோர் பக்கம் ஒரு கையுறை ஆலையில் 2,100 வெள்ளிக்குப் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. மோட்டாரில் போய் வரும் தூரம்தான். கையுறைத் தொழில் பெருந்தொற்றுக்குப் பின் எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியும். ஆகையால் அந்த வேலையை மகளின் தேர்வு முடியும் வரைக்கான வேலையாகவே எண்ணுகிறேன். அதன் பிறகும் மைத்துனரின் அழைப்பு இருந்தால் நான் மட்டும் முன்னே போவேன். தம்பி சொன்னபடி இ.பி.எஃப். கட்டுவதற்கான தொகையை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கி வைப்பேன். மனைவிக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 500 வெள்ளி குறைவதை அவர்தான் அடுப்படியில் சந்திக்கப் போகிறார்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். சொக்சோ உதவிக்கு, வேலை போன 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு உலர்த்தும் பிரிவில் இருந்த இருவர், அதெல்லாம் படித்தவர்களுக்கு என்று நினைத்து இதுவரை விண்ணப்பிக்கவே இல்லை. இன்று 57ஆம் நாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவர்களை என் காரில் ஈப்போவுக்கு அழைத்துச் செல்கிறேன். அடையாள அட்டையும், வேலை நீக்கக் கடிதமும், வங்கிக் கணக்கு எண்ணும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.