தோட்டத்துப் பூவை உருளியில் வைத்தால் ஏன் நிற்கவில்லை?

மொட்டைமாடி:
வீட்டில் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி எல்லாம் பூத்துக் குலுங்குகின்றன. வாசலில் பித்தளை உருளியில் மிதக்க விட்டால் நந்தியாவட்டை மதியத்துக்குள் வாடிவிடுகிறது, செம்பருத்தி சாயங்காலம் சுருண்டுவிடுகிறது. கடையில் பூ வாங்காமல் சமாளிக்க வழி உண்டா?

கொடிமல்லி:
செம்பருத்திக்கு ஆயுளே ஒரு நாள்தான், தண்ணீரில் போட்டாலும் போடாவிட்டாலும் அதே கதை, அதனால் விருந்தாளி வரும் அன்றைக்கு மட்டும் வையுங்கள். உங்களுக்குக் கைகொடுக்கப் போவது இட்லிப்பூ. வெயில் ஏறும் முன் கொத்தோடு வெட்டி, ஒரு விரல் நீளத்துக்குக் காம்பு விட்டு, தண்ணீரில் படும் இலைகளை உருவிவிடுங்கள். நடுவில் ஒரு கொத்து, ஓரமாக நந்தியாவட்டை, போதும். பாதித் தண்ணீராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், திணித்தால் அழகே போய்விடும். அப்புறம், உருளியை நிழலுக்கு நகர்த்துங்கள்.

பழையசீசா:
உருளிதான் வேண்டுமா என்ன? ஊறுகாய் பாட்டில் போதுமே. வாய் அகலமாக இருந்தால் செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அந்தக் கட்டங்களில் காம்பைச் செருகுங்கள், சாயாது. நடுவே இரண்டு துளசிக் கொத்து.
அரளி மட்டும் வேண்டாம், செடி முழுக்க விஷம்.

மொட்டைமாடி:
பூனை இருக்கிறது, அரளி அவுட். கொசு வராதா?

கொடிமல்லி:
தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சும்மா கொட்டினால் போதாது, டெங்கு கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.