கேரியின் அச்சுக்கூடத் தீ: பாதிக் கதையை வைத்துச் சாட்சி சொல்லலாமா?

நெல்லைக்காரன்:
செல்போன் கடை போட்டு நொடித்துப்போன தம்பி ஒருவன் எங்கள் சபையில் இருக்கிறான். கந்துவட்டி வேறு. அவனுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றிச் சொன்னேன். 1812 மார்ச் 11 மாலை, வங்காளத்துச் செராம்பூரில் மிஷன் அச்சுக்கூடம் எரிந்தது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். நட்டம் சுமார் 70,000 ரூபாய், அந்தக் காலத்துப் பணம். பணத்தை விடுங்கள், பல வருஷம் உழைத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலாகிவிட்டது. அதற்குப் பின் அவர் பிரசங்கத்துக்கு எடுத்த வசனம் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" (சங்கீதம் 46:10). அப்புறம் உட்கார்ந்து மறுபடி எழுதினார். கர்த்தரைப் பிடித்துக்கொண்டவன் விழுந்தாலும் எழுந்துவிடுவான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மார்த்தாள்:
பிரதர், 1812-ல் ஆரம்பித்தால் கதை நன்றாகத்தான் இருக்கும். 1793-லிருந்து சொல்லுங்கள். இந்தியாவுக்கு வரமாட்டேன் என்று மனைவி டாரதி சொல்லிவிட்டார், அப்போது அவர் பிள்ளைத்தாய்ச்சி. அவரை விட்டுவிட்டு மூத்த மகனோடு மட்டும் கிளம்பினார் கேரி. பயணம் தடைப்பட்டதால் திரும்பி வந்து வற்புறுத்தினார்கள். தங்கையும் கூட வந்தால் சரி என்று கைக்குழந்தையோடு கப்பலேறினார் டாரதி. மறுவருஷமே ஐந்து வயதுப் பையன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனான். அதற்குப் பின் டாரதிக்கு மனம் பேதலித்தது. 1807 டிசம்பரில் கண்மூடும்வரை தெளியவே இல்லை. அறைக்குள் அடைத்து வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. எத்தனையோ மிஷனரி ஞாயிறுகளில் கேரியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். டாரதியின் பேரை ஒருவரும் எடுத்ததில்லை.

நெல்லைக்காரன்:
சிஸ்டர், அந்தக் காலத்தில் மனநோய்க்கு என்ன வைத்தியம் இருந்தது? கடைசிவரை கூடவே வைத்துத்தானே பார்த்தார்? அந்த வேதனைக்குள் இருந்துகொண்டே 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். வந்து ஏழு வருஷம் வரை ஒரு வங்காளிகூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. 1800 டிசம்பர் கடைசியில்தான் கிருஷ்ண பால் வந்தார். நடுவில் ஊருக்குத் திரும்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? விசுவாசம் இல்லாமல் ஒருவன் அப்படி நின்றிருக்க முடியாது.

கேள்விக்குறி:
கடை எரிந்து எழாமலே போனவர்கள் யாரும் சாட்சி சொல்ல மேடை ஏறுவதில்லை. அவ்வளவுதான் என் கருத்து.

பழைய அச்சுக்காரன்:
சிவகாசியில் ரொம்ப காலம் ஈய எழுத்து கோர்த்தவன் நான். தீயைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அச்செழுத்து ஈயக் கலவையில் வார்ப்பது. முந்நூறு டிகிரி சூட்டுக்குள்ளேயே உருகி ஓடிவிடும். ஆனால் அந்த எழுத்துக்கு மூலமான முத்திரை, 'பஞ்ச்' என்போம், அது எஃகு. அதைச் செம்பில் அடித்து அச்சுக்குழி எடுத்து, அதில்தான் ஈயத்தை ஊற்றுவோம். செராம்பூரில் இடிபாட்டைக் கிளறியபோது பஞ்ச்கள் கெடாமல் கிடைத்தன, அச்சு இயந்திரங்களும் தப்பின. உருகி உறைந்த ஈயத்தையே மறுபடி காய்ச்சி, ஆட்களை மாற்றி மாற்றி இரவும் பகலும் வார்த்தார்கள். அந்தப் பஞ்ச்களை வெட்டும் வித்தையைச் செராம்பூருக்குக் கொண்டுவந்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளிக் கொல்லர். அவர் போன பிறகு மருமகன் மனோகர் செய்தார். தேவ கிருபை என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மார்த்தாள்:
நன்றி ஐயா. இன்னொன்று, செய்தி எட்டிய இரண்டு மாதத்துக்குள் பிரிட்டனில் சபைகள் 10,000 பவுண்டு வசூலித்துவிட்டன. தீ விழுங்கியது மொத்தமும் ஈடாகிவிட்டது. கேரிக்குப் பின்னால் அப்படி ஒரு பக்கபலம் இருந்தது. பிரதர், உங்கள் தம்பிக்குப் பின்னால் யார்? "கேரி எழுந்தார், நீயும் எழு" என்று அனுப்பிவிட்டால், எழ முடியாத நாளில் 'எனக்கு விசுவாசம் பத்தவில்லை' என்ற பாரத்தையும் சேர்த்துச் சுமப்பான். கடன் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

நெல்லைக்காரன்:
அந்தப் பணம் கொடுத்தவர்கள் யார்? விசுவாசிகள்தானே? விசுவாசத்தை நான் தனி ஆள் வீரமாகச் சொல்லவில்லையே. கேரியும் தன்னைப் பெரிய ஆளாக நினைத்தவர் இல்லை. எடுத்த காரியத்தை விடாமல் இழுத்துக்கொண்டு போக முடியும், தனக்கு வந்ததெல்லாம் அதனால்தான் என்று தன் தம்பி மகனிடம் சொன்னவர். செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சொன்னது அந்தத் தம்பிக்கு உதவாது என்கிறீர்களா?

மார்த்தாள்:
உதவும். முழுசாகச் சொன்னால்.

நெல்லைக்காரன்:
சரி. வட்டிக்காரரிடம் தவணை கேட்க நானும் போதகரும் சனிக்கிழமை போகிறோம். சங்கீதம் 46-ஐயும் வாசித்துவிட்டுத்தான் போவோம், அதை விடுவதாக இல்லை.

மார்த்தாள்:
வாசியுங்கள். அவன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்டீர்களா?

நெல்லைக்காரன்:
எனக்குப் போன் போட்டதே அந்தப் பிள்ளைதான் சிஸ்டர். அவனுக்குத் தெரியாது.