மறுநிரப்பிய தோட்டா: குழல் கெடாமல் காப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஓஹாயோவில், பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் பயிற்சிக்குச் செல்லும் நான், என் 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கான தோட்டாக்களை ஆறு மாதமாக வீட்டிலேயே மறுநிரப்பி வருகிறேன். சென்ற ஞாயிறன்று ஒரு தோட்டா 'புஸ்' என்ற அடங்கிய ஒலியுடன் போனது. தோளில் உதைப்பே தெரியவில்லை. அடுத்ததை இடப்போன என் கையைப் பக்கத்தில் நின்ற பெரியவர் பிடித்து நிறுத்தினார். குழலை மடக்கிப் பார்த்தால் நடுவில், தோட்டாவில் மருந்துக்கும் குண்டுகளுக்கும் இடையே வைக்கும் பிளாஸ்டிக் தக்கை சிக்கியிருக்கிறது. எரியாத வெடிமருந்துத் துகள்களும் கொட்டின. மீதமுள்ள 40 தோட்டாக்களை எடைபோட்டு, மருந்து குறைந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்கலாமா?

பதில் 1:
அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லுங்கள், ஐயா. தக்கை அடைத்திருக்கும்போது அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால், அடைப்பு இருந்த இடத்தில் அழுத்தம் ஏறிக் குழல் வளையம்போல் வீங்கியிருக்கும், அல்லது உங்கள் இடக்கைக்கு அருகிலேயே வெடித்திருக்கும்.

எடை பார்ப்பது பயன்படாது. ஈயக் குண்டுகள் சுமார் 32 கிராம், மருந்தோ ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். குண்டிலும் உறையிலும் இயல்பாக உள்ள எடை வேறுபாடே மருந்துக் குறைவை மறைத்துவிடும். நாற்பதையும் சுடாமல் திறந்து பிரித்துவிடுங்கள். துகள்கள் எரியாமல் கொட்டியதால் மருந்து குறைவாக விழுந்திருக்க வேண்டும், அல்லது உறையின் வாயை மூடும் மடிப்பு தளர்ந்திருக்க வேண்டும். இனித் தக்கையை இறக்குமுன் ஒவ்வோர் உறைக்குள்ளும் விளக்கடித்து மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), தக்கை, மருந்து ஆகியவற்றுள் எதையும் அச்சிட்ட அளவுப் பட்டியலுக்கு மாறாக மாற்றாதீர்கள்.

பதில் 2:
உறைகளையும் கவனியுங்கள். அடித்தக்கை தனித்துண்டாக உள்ள உறைகளைப் பலமுறை நிரப்பினால், அது கழன்று குழலில் தங்கிவிடலாம். 12 கேஜைவிட ஒல்லியான 20 கேஜ் தோட்டாவை அதே பையில் வைக்கவே வேண்டாம்: அது 12 கேஜ் குழலில் தோட்டா அமரும் அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று முன்னே நின்றுவிடும், பின்னால் இன்னொன்றை இடவும் முடியும். அதன் உறையை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதனால்தான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பன்னிரண்டைப் பிரித்ததில் இரண்டில் மருந்து பாதியளவே இருந்தது. மருந்துக் குப்பியின் கழுத்தில் துகள்கள் கட்டிபட்டு அடைத்திருந்தன. குழல் வீங்கவில்லை என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளந்து சொன்னார். மீதி 28ஐ இன்றிரவு பிரிக்கிறேன்.