பாப் பெய்ஸ்லி கல்லறைக்கு எப்படிப் போவது? ஷாங்க்லிக்கும் கல்லறை உண்டா?

சிவப்புத்துண்டு:
டிசம்பரில் லிவர்பூல் போகிறேன். கையில் ஒரே ஒரு முழு நாள்தான், தங்குவது லைம் ஸ்ட்ரீட் பக்கம். லிவர்பூல் கால்பந்துக் கிளப்பின் மேலாளர்களாக இருந்த பில் ஷாங்க்லி, பாப் பெய்ஸ்லி இருவர் கல்லறைக்கும் போய் மரியாதை செலுத்த வேண்டும். இரண்டுமே கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்தை ஒட்டிய ஆன்ஃபீல்ட் கல்லறைத் தோட்டத்தில்தானே இருக்கின்றன? பூ வைக்கலாமா?

கோப்மேடை:
இல்லை நண்பரே, இரண்டுமே அங்கே இல்லை. பலரும் இப்படி நினைத்துத்தான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

ஷாங்க்லிக்குக் கல்லறையே கிடையாது. 1981 செப்டம்பர் 29 அன்று காலமானார். ஆன்ஃபீல்ட் தகன மேடையில் தகனம் செய்து, சாம்பலை மைதானத்தில் கோப் (ரசிகர்கள் திரளும் பார்வையாளர் மேடை) பக்கப் புல்தரையில் தூவினார்கள். ஆகவே அவருக்கான இடம் மைதானமேதான். வெளியே கோப் அருகில் 1997இல் வைத்த சிலை இருக்கிறது, பெரும்பாலோர் சால்வை கட்டுவதும் பூ வைப்பதும் அதன் காலடியில்தான். உள்ளே போய்ப் பார்க்க முன்பதிவு செய்து ஸ்டேடியம் டூர் எடுக்க வேண்டும். ஆடுகள ஓரம் வரை போகலாம், புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள். மேட்ச் நாளாக இருந்தால் வழக்கமான டூரை நம்பிப் போகாதீர்கள்.

பெய்ஸ்லி இருப்பது வூல்டனில், செயின்ட் பீட்டர்ஸ் தேவாலய வளாகத்தில். நகரத்தின் தெற்குப் பக்கம் அது. ஆன்ஃபீல்ட் வடக்கே. நடந்து போகிற தூரமே இல்லை.

நடைவழி:
வூல்டனுக்கு வழி: லைம் ஸ்ட்ரீட்டிலிருந்து சில நிமிட நடையில் லிவர்பூல் சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கே மெர்சிரெயில் (உள்ளூர் ரயில்) நார்தர்ன் லைனில் ஹண்ட்ஸ் கிராஸ் போகிற வண்டி. கடைசி ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து நடை, கடைசியில் மேடு ஏறும். நடக்க முடியாதவர்கள் அதற்கு முந்தைய ஸ்டேஷனான லிவர்பூல் சவுத் பார்க்வேயில் இறங்கலாம், பேருந்து நிலையம் அதோடு சேர்ந்தே இருக்கிறது.

தேவாலயம் சர்ச் ரோட்டில். வளாகத்துக்குள் ஒரு கல்லைச் சுற்றி நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் அது பெய்ஸ்லி என்று நினைத்துவிடாதீர்கள். எலினர் ரிக்பி என்ற பெயர் பொறித்த கல் அது, அதே பெயரில் பாட்டு இருப்பதால் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரசிகர்கள் தேடி வருவது. அந்தக் குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் 1957 ஜூலை 6 அன்று முதன்முதலில் சந்தித்ததும் இந்தத் தேவாலயத்தின் மண்டபத்தில்தான்.

பெய்ஸ்லி ஒன்பது சீசனில் ஆறு லீக் பட்டம், 1977, 1978, 1981 என மூன்று ஐரோப்பியக் கோப்பை வென்றவர் என்பதால் பெரிய நினைவுச்சின்னத்தைத் தேடக் கூடாது. மற்றக் கற்களோடு கல்லாக இருக்கும் எளிய குடும்பக் கல். வரிசை வரிசையாகப் பெயரை வாசித்துக்கொண்டே போக வேண்டும். மனிதரும் அப்படித்தான் வாழ்ந்தார், அதனால் அந்தத் தேடலே பொருத்தமாகப் படுகிறது.

மணியோசை:
பூ வைக்கலாம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள், உறைக்குள் ஈரம் தங்கிப் பூ சீக்கிரம் அழுகும், உறை காற்றில் பறந்து அடுத்த கல்லறையில் ஒட்டும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் சாக்பீஸ் தேய்ப்பது, கம்பியால் பாசி சுரண்டுவது வேண்டவே வேண்டாம், கல்லின் மேற்பரப்பு போய்விடும். செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழுந்து தெளிவாகப் படிக்கலாம்.

வழிபாடு நடக்கும் தேவாலயம் அது. ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள். இறுதிச் சடங்கு நடந்தால் முடியும்வரை வாசலுக்கு வெளியே நில்லுங்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், புல்லும் ஈரமாக வழுக்கும். அதனால் காலையில் வூல்டன், மதியம் ஆன்ஃபீல்ட்.

கோப்மேடை:
ஒரு சேர்க்கை. ஆன்ஃபீல்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதும் வீண் இல்லை. 1901, 1906இல் கிளப்புக்கு முதல் இரண்டு லீக் பட்டங்களை வாங்கித் தந்த மேலாளர் டாம் வாட்சன் அங்கேதான் இருக்கிறார். 1915இல் இறந்தவருக்கு நூறு ஆண்டு கழித்து, 2015இல்தான் கல் வைத்தார்கள். ஆனால் இடம் மிகப் பெரியது. பிரிவும் கல்லறை எண்ணும் இல்லாமல் உள்ளே போனால் கிடைக்காது. பெயரையும் இறந்த தேதியையும் (1915 மே 6) எழுதி நகராட்சியின் கல்லறை அலுவலகத்துக்குப் பயணத்துக்குச் சில வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.