டார்க் சோல்ஸ் 2: உருண்டாலும் அடிபடுகிறேன். குறை என்னிடமா, ஆட்டத்திடமா?

உப்புக்காற்று கேட்கிறார்:

வணக்கம். டார்க் சோல்ஸ் என்ற வாள்சண்டை விளையாட்டுத் தொடரில் முதல் பாகத்தை இரண்டு முறையும் மூன்றாம் பாகத்தை ஒரு முறையும் முடித்திருக்கிறேன். நடுவில் இருப்பதை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். "மூன்று பிள்ளைகளில் உருப்படாதது அதுதான்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. போன வாரம் தள்ளுபடி விலையில் அதன் ஸ்காலர் ஆஃப் தி ஃபர்ஸ்ட் சின் என்ற திருத்திய பதிப்பைக் கணினிக்கு வாங்கினேன். ஒன்பது மணி நேரம் ஆடியாகிவிட்டது. ஊர் சொன்னது உண்மைதானோ என்று இப்போது தோன்றுகிறது.

பெரிய தொல்லை உருளல், அதாவது அடியிலிருந்து தப்ப உருண்டு விலகுவது. ஹைட்ஸ் டவர் ஆஃப் ஃபிளேம் என்ற பகுதியில் சிலைபோல் அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று எழுந்து வருகிறார்களே, அந்தக் கிழட்டு வீரர்கள், அவர்களில் கதாயுதக்காரன் ஒருவனிடம் பதினான்கு முறை செத்தேன். அவன் ஓங்கும்போதே உருள்கிறேன், ஆயுதம் என் தோளுக்கு ஒரு முழம் தள்ளி இறங்குகிறது, ஆனாலும் அடி விழுகிறது. முதல் பாகத்தில் இதே நேரத்தில் உருண்டால் தப்பித்திருப்பேன்.

இரண்டாவது, வாள். சுட்டியை அழுத்தினால் கை உடனே ஓங்குவதில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஓங்குகிறது.

மூன்றாவது, சாகச் சாக உயிர்ப்பட்டை குறைந்து பாதியில் வந்து நிற்கிறது. ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு இன்னும் ஓர் உதை.

என் கேள்வி: இதற்கெல்லாம் வழி இருக்கிறதா, அல்லது ஆட்டமே இப்படித்தானா? இப்படித்தான் என்றால் இப்போதே நீக்கிவிடுகிறேன்.

கரிக்கோடு:

நீக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மூன்று விவரம் சொல்லுங்கள். எந்த வகுப்பில் (பாத்திர வகையில்) தொடங்கினீர்கள்? இதுவரை ஏற்றிய லெவல்களை எதில் போட்டீர்கள்? பாத்திரத்தின் விவரப் பக்கத்தில் அஜிலிட்டி என்ற வரியில் என்ன எண் இருக்கிறது?

உப்புக்காற்று:

நைட். லெவல் எல்லாம் விகர் (உயிரளவு), ஸ்ட்ரெங்த் (வலிமை), எண்டூரன்ஸ் (தாக்குப்பிடிக்கும் திறன்) மேல். முதல் பாகத்தில் செய்த அதே வழிதான். அஜிலிட்டி 87 என்று காட்டுகிறது. அப்படி ஒரு வரி இருப்பதையே இப்போதுதான் பார்க்கிறேன்.

கரிக்கோடு:

நினைத்தேன். உங்கள் பதினான்கு சாவுக்கும் காரணம் அந்த வரிதான்.

உருளும்போது சில ஃபிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப் படங்கள்) உங்கள் மேல் எதுவும் படாது. முதல் பாகத்தில் அதைத் தீர்மானித்தது நீங்கள் சுமக்கும் எடை. இரண்டாம் பாகத்தில் அந்த வேலையை அஜிலிட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். எடை, சுமக்கக்கூடியதில் 70 சதவீதத்தைத் தாண்டாதவரை, எவ்வளவு தூரம் உருள்வீர்கள் என்பதை மட்டுமே அது மாற்றும். அஜிலிட்டி ஏறுவது லெவல் போடக்கூடிய அடாப்டபிலிட்டி என்ற திறனாலும், அதைவிடக் குறைவாக அட்யூன்மெண்ட் என்ற திறனாலும். வினாடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில், நீங்கள் இருக்கும் இடத்தில் கிடைப்பது எட்டு ஃபிரேம். 96க்குப் போனால் 11. 105க்குப் போனால் 13. முதல் பாகத்தின் வேகமான உருளலுக்கு நிகர் என்று ஆடுபவர்கள் சொல்வது இந்த 105ஐத்தான்.

அதாவது உங்கள் கை சரியான நேரத்தில்தான் அழுத்தியது. உருளலின் முன்பாதியில் தப்பித்து, பின்பாதியில் மாட்டிக்கொண்டீர்கள். ஆயுதம் தள்ளி விழுந்தும் அடிபட்டதுபோல் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்த லெவல்களையெல்லாம் அடாப்டபிலிட்டியில் போடுங்கள். 20ஐ ஒட்டி வரும்போது அஜிலிட்டி 96ஐத் தொடும். உயிரை நிரப்பும் எஸ்டஸ் பானத்தைக் குடிக்கும் வேகமும் கூடவே ஏறும்.

வாள் யோசிப்பதற்குக் காரணம் வேறு. விசைப்பலகையும் சுட்டியும் வைத்து ஆடுகிறீர்கள். ஒரு சொடுக்கு ஒரு தாக்குதலுக்கு, இரட்டைச் சொடுக்கு இன்னொன்றுக்கு என்று வைத்திருக்கிறார்கள். இரண்டாவது சொடுக்கு வருமா என்று ஆட்டம் காத்திருந்து பார்க்கிறது. அமைப்புகளில் இரட்டைச் சொடுக்கை அணைத்துவிடுங்கள், தயக்கம் போய்விடும்.

பழைய கேடயம்:

உயிர்ப்பட்டைக்கு நான் சொல்கிறேன். நீங்கள் நிற்கும் ஹைட்ஸ் டவரிலேயே ஒரு பெட்டியில் ரிங் ஆஃப் பைண்டிங் இருக்கிறது. அதைப் போட்டால் எத்தனை முறை செத்தாலும் பட்டை முக்கால் பங்குக்குக் கீழே இறங்காது. குறைந்த பட்டையை மீட்டுத் தரும் ஹியூமன் எஃபிஜியைக் கஞ்சன் காசு காப்பதுபோல் பொத்தி வைக்காதீர்கள், பயன்படுத்தத்தான் கொடுக்கிறார்கள். மெலெண்டியா என்ற கிழவியிடம் லைஃப்ஜெம் என்ற உயிர் ஏற்றும் கல் 300 சோலுக்கு (சோல்தான் இங்கே காசு) கிடைக்கும், பத்தாவது வாங்கிப் பையில் போடுங்கள். அவளிடமே ஆயிரம் சோல் கொடுத்து லெனிகிராஸ்டின் கடைச் சாவியையும் வாங்குங்கள். கடை திறந்ததும் அந்தக் கொல்லனிடம் ஒரு மேஸ். ஹைட்ஸ் வீரர்களுக்கு வாள் வெட்டைவிட மொத்தும் அடிதான் வலிக்கும். அவன் கதாயுதத்துக்கு உங்கள் கதாயுதம்.

நொண்டிக்குதிரை:

எல்லோரும் மருந்து எழுதிக் கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு விளையாட்டில் உருள்வதற்கே லெவல் ஏற்ற வேண்டும், அதையும் வெளியிலிருந்து யாராவது வந்து சொல்ல வேண்டும் என்றால், அந்த விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது அநியாயமா? கேட்டவர் ஒன்பது மணி நேரத்தை இழந்திருக்கிறார். 2014 மார்ச்சில் வாங்கியவர்கள் எத்தனை பேர் இதைக் கண்டுபிடிக்காமலே முடித்திருப்பார்கள்!

அது மட்டுமா? கணினியில் 60 ஃபிரேமில் ஆடினால் ஆயுதம் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தது. தேய்மானக் கணக்கை ஃபிரேமோடு கட்டி வைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்ய 2015 வந்துவிட்டது. வெளியீட்டுக்கு முன் காட்டிய காட்சிகளில் இருந்த வெளிச்சமும் நிழலும் கையில் கிடைத்ததில் இல்லை. தீப்பந்தத்துக்கு இருந்திருக்க வேண்டிய வேலை பாதியாய்ப் போனது. ஒரே எதிரியைப் பன்னிரண்டு முறை கொன்றால் அவன் அப்புறம் வரவே மாட்டான். இதைக் கருணை என்கிறார்கள். வழியில் எதிரிகளை அளவுக்கு மீறி நிறைத்துவிட்டோம் என்ற ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் எனக்குப் படுகிறது. அயர்ன் கீப் என்ற இரும்புக் கோட்டைக்கு வரும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

கரிக்கோடு:

அயர்ன் கீப்பைப் பற்றி உங்களோடு சண்டையில்லை. ஸ்காலர் பதிப்பில் அது இன்னும் மோசம். ஸ்மெல்டர் டீமன் என்ற பெரிய எதிரியின் அறைக்குப் போகும் பாலத்தில் அலோன் வீரர்கள் ஒருவன் பின் ஒருவனாக, கல்யாணப் பந்திக்கு வருவதுபோல் வருவார்கள். அதை நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்லப்போவதில்லை.

மறைத்து வைத்தது குற்றம். மறைத்து வைத்த பொருளே மட்டம் என்பது வேறு குற்றச்சாட்டு. இந்த ஆட்டத்தின் பேரில் பத்து வருடமாக இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

சாம்பல் கிண்ணம்:

இதன் பிறப்பு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் பாகத்தை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி அப்போது பிளட்போர்ன் என்ற வேறோர் ஆட்டத்தில் இருந்தார். இதில் மேற்பார்வை மட்டும். டோமோஹிரோ ஷிபுயா, யுய் டனிமுரா என்ற இருவர் பெயர் இயக்குநர்களாக வருகிறது. வேலை பாதியில் தடம் மாறியது என்றும், ஏற்கெனவே செய்து வைத்த இடங்களை வேறு விதமாகப் பொருத்த வேண்டியிருந்தது என்றும் டனிமுரா பிறகு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எர்தன் பீக் என்ற பகுதியில் காற்றாலையின் உச்சிக்குப் போய் லிஃப்டில் ஏறினால் மேலே எரிமலைக் குழம்பு ஏரியும் இரும்புக் கோட்டையும் வருகின்றனவே, அந்த ஒட்டுத் தையல் இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன். "கனவில் இடம் மாறுவதுபோல், நினைவு தப்புவதுபோல்" என்று சிலர் அதற்கு நியாயம் கற்பிக்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். தையல் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த லிஃப்டைத் திட்டும் அதே ஆட்கள், அதற்கு ஓர் அறை முன்னால் இருப்பதைச் சொல்வதில்லை. காற்றாலையின் அச்சில் தீப்பந்தத்தை வைத்தால் அது எரிந்து நின்றுவிடும். ஆலை நின்றதும் மித்தா என்ற அரக்கியின் அறையில் நிறைந்திருக்கும் விஷம் வடிந்துவிடும். யாரும் சொல்லமாட்டார்கள், எந்த அம்புக்குறியும் கிடையாது. நான் முதல் முறை அந்த விஷத்திலேயே நின்று சண்டை போட்டுச் செத்துச் செத்து முடித்தேன். இரண்டாம் முறை வெறும் எரிச்சலில் ஆலைக்குத் தீ வைத்தேன். என்ன நடந்தது என்று புரிய ஐந்து நிமிடம் ஆனது.

பழைய கேடயம்:

ஹா! நானும் விஷத்தில் நின்று ஆடியவன்தான். ஆலை எரியும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

உப்புக்காற்று, பன்னிரண்டு நாள் கழித்து:

அனைவருக்கும் நன்றி. நீக்கவில்லை.

இரட்டைச் சொடுக்கை அணைத்த அன்றே வாள் சொன்ன பேச்சைக் கேட்டது. அடாப்டபிலிட்டி 20க்கு வந்ததும் பழைய கதாயுதக்காரனைத் தேடிப் போனேன். மேஸைக் கையில் எடுக்காமல், வேண்டுமென்றே அதே வாளோடு போனேன், சோதனை நேர்மையாக இருக்கட்டும் என்று. அவன் ஓங்கினான், அதே நேரத்தில் உருண்டேன், கதாயுதம் என்னைக் கடந்து தரையில் விழுந்தது. முதல் முயற்சியிலேயே தீர்ந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதில் கோபம் வந்தது. எட்டு ஃபிரேமுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கும் மூன்று ஃபிரேமுக்காக ஒன்பது மணி நேரம் என் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

நொண்டிக்குதிரை சொன்னதும் சரிதான். அயர்ன் கீப்பில் அலோன் வீரர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொன்று பாலத்தைக் காலி செய்த பிறகுதான் ஸ்மெல்டர் டீமனிடம் நிம்மதியாகப் போக முடிந்தது. அது வீரம் இல்லை, துப்புரவுப் பணி.

ஆனால் யாருமே எனக்குச் சொல்லாத ஒன்று மஜூலா. கடலோரப் பாறை மேல் நாலு வீடு, நடுவில் ஒரு கிணறு மாதிரி பள்ளம், எப்போது வந்தாலும் பொழுது சாயும் வெளிச்சம். ஒவ்வொரு லெவலுக்கும் அந்த எமரால்ட் ஹெரால்ட் பெண்ணிடம் திரும்ப வர வேண்டியிருக்கிறதே என்று முதலில் சலித்துக்கொண்டவன், இப்போது லெவல் ஏற்ற சோல் இல்லாவிட்டாலும் வந்து உட்காருகிறேன். இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு மேஸ் பிடித்துச் சேர்த்து அடிக்கும் பவர் ஸ்டான்ஸ் முதல் பாகத்தில் ஏன் இல்லை என்று இருக்கிறது.

இப்போது புதிய சிக்கல்: ஷ்ரைன் ஆஃப் அமானா. தண்ணீருக்குள் கால் வைத்தாலே எங்கிருந்தோ மந்திரம் துரத்தி வருகிறது. உருண்டால் பள்ளத்தில் விழுந்து மூழ்குகிறேன்.

நொண்டிக்குதிரை:

வெளியான புதிதில் அந்த மந்திரங்கள் இதைவிட வெறியாகத் துரத்தின. பிறகு ஒரு பேட்சில் (திருத்த வெளியீட்டில்) பல்லைப் பிடுங்கினார்கள். நீங்கள் பார்ப்பது சாந்தமான அமானா.

வில் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள். ஓடாதீர்கள். தூரத்தில் நிற்கும் பூசாரிப் பெண்களை ஒவ்வொருத்தியாக அம்பால் எடுங்கள், பிறகு நாலடி நகருங்கள். நேரமாகும். அந்தப் பகுதியை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் பாட்டுக் கேட்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள், அதற்கு மட்டும் விதிவிலக்கு.

சாம்பல் கிண்ணம்:

நொண்டிக்குதிரையே நின்று கேட்கச் சொல்லிவிட்டார், இழையின் நோக்கம் நிறைவேறியது.

பவர் ஸ்டான்ஸ் பற்றி ஒரு குறிப்பு: டனிமுரா பிறகு எல்டன் ரிங்கில் இணை இயக்குநராக இருந்தார். 2022ல் வந்த அந்த ஆட்டத்தில் இரு கை ஆயுதச் சண்டை திரும்பி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். உருளலை ஒரு புள்ளியிடம் அடகு வைக்கும் யோசனை மட்டும் திரும்பவில்லை.

உப்புக்காற்று, இன்னொரு வாரம் கழித்து:

அமானாவைத் தாண்டி அன்டெட் கிரிப்ட்டும் முடிந்தது. ஆட்டம் முழுக்க அரசன், அரசன் என்று பேசிக்கொண்டிருந்தார்களே, அந்த வெண்ட்ரிக்கிடம் வந்துவிட்டேன். பெரிய சண்டைக்குத் தயாராக எஸ்டஸ் நிரப்பி, மேஸ்களைக் கொல்லனிடம் பழுதுபார்த்துக்கொண்டு போனேன். உள்ளே மேலாடைகூட இல்லாமல், வாளைத் தரையில் இழுத்துக்கொண்டு, வட்டமாக நடந்துகொண்டிருக்கிறான். பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்கவே இல்லை, கடந்து போனான். கவசமும் துணியும் ஓரிடத்தில் கழற்றிப் போட்டபடி கிடந்தன, அதில் மோதிரம் இருந்தது. எடுத்துக்கொண்டேன். அடிக்கக் கை வரவில்லை. அடிக்காவிட்டால் ஆட்டத்தில் ஏதாவது இழப்பேனா?

கரிக்கோடு:

கட்டாயம் இல்லை. மேலே போகத் தேவையானது அந்த மோதிரம் மட்டும்தான். பின்னால் மனம் மாறினால், ஜயன்ட் சோல் என்ற பொருள்கள் நாலைந்தாவது சேர்த்துக்கொண்டு போங்கள். அவை இல்லாமல் அடித்தால் அவன் மேல் கீறல்கூட விழாது. இப்போதைக்கு மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு ஆல்டியாஸ் கீப்பின் வாசலுக்குப் போங்கள், அந்தப் பெரிய கதவு திறக்கும்.