பெர்சிவல் கதைய எழுதுன ஸ்மைத்: படிச்சவங்க இருக்கீங்களா?

புக்கித்தீமாவாசி:
பழைய புத்தகக் கடையில பெர்சிவல் (1942ல சிங்கப்பூர ஜப்பான்காரங்ககிட்ட ஒப்படைச்ச பிரிட்டிஷ் ஜெனரல்) வாழ்க்கை வரலாறு கெடச்சுது, 1971ல வந்தது, எழுதுனவரு பிரிகேடியர் ஜான் ஸ்மைத். சரணடைஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும், விடுங்க. எம்ஆர்டில நின்னுக்கிட்டே படிக்கிறேன், இந்த மனுஷனுக்கு பெர்சிவல் மேல ஏன் இவ்ளோ பரிவுன்னு ஓடிட்டே இருக்கு, எதேச்சையா முன் அட்டைய திருப்பி பேர மறுபடி பாத்தேன், தூக்கிவாரிப் போட்டுச்சு. அட, இவரு சித்தாங் பாலத்து ஸ்மைத்! சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15, சரியா எட்டு நாள் கழிச்சு பர்மால சித்தாங் ஆத்துல, தன்னோட 17வது இந்திய டிவிஷன்ல மூணு பிரிகேட்ல ரெண்டு அக்கரையில மாட்டிருக்கப்பவே பாலத்த வெடிக்க சரின்னு சொன்னவரு. மேலதிகாரி ஜெனரல் வேவல் இவரு பதவிய பறிச்சாரு, அதோட படை எதுவும் அவர் கைக்கு வரல. அப்ப நான் அதுவரைக்கும் படிச்சது யாரு கதை? எறங்க வேண்டிய ஸ்டேஷனும் போயிடுச்சு.

ஈப்போகாரன்:
புத்தகமெல்லாம் நான் படிக்கல. எங்க தாத்தா தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போயி உயிரோட திரும்புனவரு. அந்த போட்டோ இருக்குல்ல, வெள்ளக்கொடியும் பிரிட்டிஷ் கொடியும் தூக்கிட்டு சரணடைய ஃபோர்டு ஃபேக்டரிக்கு நடந்து போவாங்களே, அத ஒருநாள் காட்டி, வலது ஓரத்துல அரைக்கால் சட்டையோட போறவருதான் ஜெனரல்னேன். கண்ணாடிய ஏத்திவிட்டு முழங்காலயே பாத்துட்டு இருந்தாரு. "தொரைக்கு காலு நம்ம கங்காணிக்கு மாதிரியே குச்சியா இருக்கு"ன்னாரு. சாப்பிடப் போயிட்டாரு, ரயில் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

பழம்புத்தகப்பிரியன்:
புக்கித்தீமாவாசி, தன் வக்காலத்த பெர்சிவல் பேர்ல எழுதிட்டாருங்கற மாதிரி சொல்றீங்க, அநியாயம். ஸ்மைத் 1915ல பிரான்ஸ்ல பத்து சீக்கிய வீரர்களோட 96 குண்ட சுமந்துட்டு எதிரிக்கு 20 கஜம் வரைக்கும் போயி பிரிட்டிஷ் படையோட பெரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்குனவரு, பின்னால எம்பி ஆனாரு, சர் பட்டமும் வந்துச்சு. பெர்சிவலுக்கு அந்த சர் கூட குடுக்கல. 1966லயே போய்ச் சேந்த மனுஷனுக்காக வேற யாரு பேசுவா? நானும் படிச்சேன், ரெண்டு நாள் தூக்கம் வரல, அவ்ளோதான் என் அனுபவம். ஒண்ணு சொல்றேன் கேளுங்க, தளபதி வரலாறு எது வாங்குனாலும் எழுதுனவரு 1942ல எங்க இருந்தாருன்னு மொதல்ல பாருங்க, அப்பறம் அதே ஆளப் பத்தி இன்னொருத்தர் எழுதுனதையும் பக்கத்துல வெச்சுக்கோங்க, பெர்சிவலுக்கு கின்விக் 1996ல எழுதுனது இருக்கு, தலைப்பே பலிகடாங்கற அர்த்தம்தான், அவரும் ஜெனரல். பர்மால சண்டை போட்ட ஜெனரல் ஸ்லிம்முக்கு ரொனால்ட் லெவின் எழுதுனது. மேப் இல்லாம படிக்கவே படிக்காதீங்க, ஜோகூர்ல ஆரம்பிச்சு பெரிய பேப்பர்ல பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டுங்க, பென்சில்லதான் குறிக்கணும், பேனா வேணாம், ஊறிடும்.

புக்கித்தீமாவாசி:
வீடு வாடகை வீடுங்க, செவுத்துல ஒட்டுனா ஓனர் விடமாட்டாரு. வக்காலத்துன்னு நான் எங்க சொன்னேன், யாரு கதைன்னுதானே கேட்டேன். ஈப்போகாரரே, தாத்தா அப்பறம் எப்பவாவது அந்த போட்டோவ கேட்டாரா?

ஈப்போகாரன்:
இல்ல. ஆனா கங்காணி பேர மட்டும் ஒருதரம் சொன்னாரு.

பழம்புத்தகப்பிரியன்:
ஸ்மைத் பூனைங்கள பத்தியும் ஒரு புக் எழுதிருக்காரு, டென்னிஸ் பத்தியும். பூனை புக் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, மூணு வருஷமா தேடறேன்.