நொச்சி இலைச் சாறு: வெறும் டிஎம்எஸ்ஓ விட்ட குழியிலும் வளையம் வருகிறது

நொச்சி இலை கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். நிழலில் உலர்த்திய நொச்சி இலையின் மெத்தனால் சாற்றை டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் மி.லி.க்கு 100 மி.கி. கரைத்து, கிருமி வளர்க்கும் முல்லர் ஹின்டன் அகாரில் 6 மி.மீ. குழியில் விட்டு 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா பரப்பிய தட்டில் கிருமி வளராத வளையம் 12 மி.மீ. ஆனால் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழியிலும் 11!

ஒப்பீட்டுக்கு வைத்த ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக் வட்டு ஒழுங்காக வேலை செய்கிறது. கிருமி அடர்த்தி, கலங்கலை வைத்து அளக்கும் மெக்ஃபார்லண்ட் அளவில் 0.5தான், மெத்தனாலையும் முழுக்க ஆவியாக்கிவிட்டேன். சரி என்று டிஎம்எஸ்ஓவை 10 சதவீதமாகக் குறைத்தேன். சாறு கரையாமல் குழியின் அடியில் கரும்பச்சை மண்டியாகப் படிந்துவிட்டது, சுற்றிலும் வளையமே இல்லை. கரைப்பான் செய்த வேலையை இலையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாறும் கரைய வேண்டும், வெறும் கரைப்பானும் வளையம் தரக்கூடாது என்றால், நீங்கள் எந்தக் கரைப்பானை எத்தனை சதவீதத்தில் எடுக்கிறீர்கள்?